கரம் கிளையும் கோர்த்தா மொழியும்

ஜார்க்கண்டின் ஹசாரிபாக், கிரிடீ, பொகாரோ, தன்பாத் வட்டாரங்களின் மொழி கோர்த்தா. சதான் எனப்படும் பழங்குடியல்லாத பூர்வகுடிகளுக்குத் தாய்மொழி. பழங்குடிகள் பலருக்கும் சந்தைமொழி. 2011 கணக்கெடுப்பில் சுமார் 80 லட்சம் பேர் இதைத் தாய்மொழியாகச் சொன்னார்கள். அட்டவணையிலோ அத்தனை பேரும் இந்திக்குள் அடங்கிப்போனார்கள். இதை அலுவலகக் கணக்கு என்று பலர் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு இது சமயக் கேள்வி: ஏட்டில் எழுதிய வேதம் இல்லாத வழிபாட்டில் மொழியைக் கழித்தால் என்ன மிஞ்சும்?

கோர்த்தா பேசுவோர் கொண்டாடும் கரம் பண்டிகையைப் பாருங்கள். பாதோ மாத வளர்பிறை ஏகாதசிக்குச் சில நாள் முன்பே, மணமாகாத பெண்கள் ஆற்று மணலை மூங்கில் கூடையில் நிரப்பி, அதில் கொள்ளும் பயறும் பார்லியும் விதைக்கிறார்கள். மஞ்சள் நீர் தெளித்து, மாலைதோறும் கூடையைச் சுற்றிக் கைகோத்துப் பாடி ஆடுகிறார்கள். ஜாவா என்னும் அந்த முளைகள் வெளிர்மஞ்சளாய் எழுகின்றன. ஏகாதசி இரவில், கடம்பின் இனமான கரம் மரத்துக் கிளையை அகரா என்ற ஆடுகளத்தில் நட்டு, கர்மா, தர்மா என்ற சகோதரர்களின் கதையைக் கேட்கிறார்கள். கிளையை அவமதித்தவன் செல்வத்தை இழந்து, அதைத் தேடி அலையும் கதை. இங்கே பாட்டும் கதையும்தான் மந்திரம். அவை நின்றுபோனால் கூடையில் இருப்பது முளைவிட்ட கொள்ளு மட்டுமே.

தெய்வத்துக்கு எந்த மொழிதான் புரியாது, ஒராவோன் மக்கள் இதே கரத்தைக் குடுக் மொழியில் கொண்டாடவில்லையா என்று கேட்கலாம். கொண்டாடுகிறார்கள், தங்கள் மொழியில், தங்கள் பாட்டோடு. அது என் வாதத்துக்கே வலு. கோர்த்தாக் கவிஞர் ஸ்ரீநிவாஸ் பானுரி காளிதாசனின் மேகதூதத்தைக் கோர்த்தாவில் தந்தாரே, கரம் பாட்டை இந்தியில் தந்தால் என்ன? தரலாம், படித்தும் மகிழலாம். ஆனால் படிப்பது வழிபாடு ஆகாது. பாட்டியிடம் கேட்டு வாயில் ஊறிய சொல் வந்தால்தான் கூடையைச் சுற்றும் கால் தாளத்தில் விழும். கோர்த்தா வெறும் கிளைமொழி என்பாருக்கும் பதில் உண்டு. மொழியியலாளர் கிரியர்சன் அதை மகஹி மொழியோடு சேர்த்தார், உண்மை. அதே கிரியர்சன் மகஹியை இந்தியில் சேர்க்காமல், பிகாரி என்ற தனிக் குழுவில் வைத்தார். ஜார்க்கண்ட் அரசும் கோர்த்தாவை இரண்டாம் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக ஏற்றிருக்கிறது. அடுத்த கணக்கெடுப்பின் அட்டவணையிலாவது அந்த மக்கள் சொல்லும் பெயரைத் தனி வரியில் எழுதுங்கள்.