எந்தக் கதவு முதலில்?

எங்கள் வீட்டுக்குத் தினமும் காலை ஏழு மணிக்குக் கீரை கொண்டு வருகிற இளைஞன் ஒருவன் இருக்கிறான். கட்டுக்கு ஐந்து ரூபாய் ஏற்றிச் சொன்னால் என் மனைவி பேரம் பேசுவாள். நான் பேசுவதில்லை. இதைத் தாராள மனசு என்று யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவனிடம் பேரம் பேசுகிற யோக்கியதை எனக்கு இல்லை என்பது எனக்குத் தெரியும். அந்தப் பழைய பாக்கியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடியபோது அவன் எட்டாம் வகுப்பில் இருந்தான். அவனுடைய தாயார் கும்பகோணம் கடைத்தெரு ஓரத்தில் கூடை வைத்துக் கீரை விற்றுக்கொண்டிருந்தாள். ஊரடங்கு வந்தது, ஓரத்தில் உட்கார முடியாமல் போயிற்று. பையன் எங்கிருந்தோ ஒரு பழைய சைக்கிளைப் பிடித்து, பின்னால் ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கட்டிக்கொண்டு, தெருத் தெருவாகக் கூவ ஆரம்பித்தான். என் வீட்டில் எழுபத்தெட்டு வயதுத் தாயார். அவளுக்கு நெடுநாளாக இழுப்பு உண்டு. ஆகவே வாசற்படியைத் தாண்டி ஒருவரையும் விடுவதில்லை என்று வைத்திருந்தேன். கேட்டில் ஒரு பை தொங்கும். அவன் அதில் கீரையையும் கத்தரிக்காயையும் போட்டுவிட்டு எட்டிப் போய் நிற்பான். நான் காசை ஒரு கிண்ணத்தில் வைப்பேன். அவன் தரும் சில்லறை சோப்புத் தண்ணீரில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வரும்.

'கெட்டிக்காரப் பயல்; கஷ்டம்தான் மனிதனை மனிதனாக்குகிறது' என்று அந்த நாட்களில் டெலிபோனில் ஒரு நண்பரிடம் சொன்னேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. கஷ்டம் அவனுடையது, அதிலிருந்து கிடைத்த பத்திரம் என்னுடையது. இரண்டையும் சேர்த்து ஒரு தத்துவமாக்கிவிட்டேன். எழுதுகிறவனுக்கு இந்த வித்தை சுலபமாக வரும்.

மூடின கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்த வரிசையை நினைத்துப் பாருங்கள். 2020 மே 7-ல் சென்னை நீங்கலாக மதுக்கடைகள் திறந்தன. உயர் நீதிமன்றம் மறுநாளே மூடச் சொல்லிற்று. உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வைக்கவும் 16-ம் தேதி மறுபடியும் திறந்தன. செப்டம்பர் முதல் தேதி பெரிய கோயில்கள் திறந்தன. நவம்பர் 10-ல் சினிமாக் கொட்டகைகள், பாதி இருக்கைகளோடு. பத்தாவதும் பன்னிரண்டாவதும் படிக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தது 2021 ஜனவரி 19-ல். ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரையிலான குழந்தைகளுக்கு 2021 நவம்பர் முதல் தேதி. பத்தொன்பது மாதத்துக்கு மேல்.

இந்த வரிசையைச் சொல்லி அரசாங்கத்தை ஏசுவது எளிது, பலர் ஏசினார்கள். எனக்கு அதில் வாய் திறக்க வழியில்லை. 2020 நவம்பர் 16 முதல் ஒன்பதாம் வகுப்புக்கு மேல் திறக்கலாம் என்று ஓர் உத்தேசம் இருந்தது. அதற்காக 9-ம் தேதி பெற்றோர்களை அழைத்து அபிப்பிராயம் கேட்டார்கள். என் பெண் அப்போது ஒன்பதாம் வகுப்பு. முகக்கவசத்தோடு போய், தள்ளித் தள்ளிப் போட்டிருந்த பெஞ்சியில் உட்கார்ந்து, 'இப்போது வேண்டாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். என்னைப் போலப் பலர் எழுதியிருக்க வேண்டும். சில நாட்களிலேயே அந்த உத்தேசம் கைவிடப்பட்டது.

மறுநாள் சினிமாக் கொட்டகைகள் திறந்தன. அந்த வாரக் கடைசியில் தீபாவளி. 'ஒரு மாறுதல் வேண்டியிருக்கிறது' என்று மனைவியிடம் சொல்லிவிட்டு நான் ஒரு படம் பார்க்கப் போனேன். பக்கத்து நாற்காலி காலி, எனவே பத்திரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இடைவேளையில் முகக்கவசத்தை இறக்கிக் காப்பி குடித்தேன். அந்தக் காப்பி தொண்டையில் இறங்கும்போதுகூட ஐந்து நாள் முன்பு போட்ட கையெழுத்து ஞாபகத்துக்கு வரவில்லை. வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று கேட்காதீர்கள். காப்பியைக் குடித்து முடித்திருப்பேன்.

என் பெண் ஒன்று சொன்னாள். "உங்க எல்லாரையும் கூப்பிட்டுக் கேட்டாங்க அப்பா. என்னை நீங்களும் கேக்கலை, அவங்களும் கேக்கலை." கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாளோ. ஆனால் அவள் கையில் ஒரு செல்போன் இருந்தது, தனி அறை இருந்தது, பாடம் ஓடிக்கொண்டிருந்தது. கீரைக்காரம்மா வீட்டில் ஒரே ஒரு போன். அதுவும் சைக்கிளோடு தெருவில் போய்க்கொண்டிருந்தது. வாடிக்கைக்காரர்கள் கூப்பிடுவார்களே!

'வேண்டாம்' என்று எழுதினவர்கள் எல்லோரும் மூடர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கும்பகோணத்துக்காரனுக்குப் பள்ளிக்கூட வாசல் சாதாரண வாசல் அல்ல. 2004 ஜூலை 16-ம் தேதி காலையில் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய பிள்ளைகளில் 94 பேரைத் தீக்குக் கொடுத்த ஊர் இது. பிள்ளையை அனுப்பினால் திரும்பி வரும் என்ற நம்பிக்கை இங்கே ஒரு முறை எரிந்திருக்கிறது. தவிரவும், பயந்தது பொய்யாகவும் போகவில்லை. 2021 மார்ச்சில் எங்கள் தஞ்சாவூர் மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களிலேயே மாணவிகளுக்கிடையே நோய் பரவிற்று. 22-ம் தேதி மறுபடியும் மூடினார்கள். மே மாதம் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000-க்கு மேற்பட்டவர்களுக்கு நோய் கண்டது. ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ்கள் காத்துக் கிடந்ததைப் பார்த்தவர்களிடம் போய், 'குழந்தைகளுக்கு இது அவ்வளவு கடுமையாக வருவதில்லை' என்று புள்ளிவிவரம் பேசிப் பிரயோஜனம் இல்லை. குழந்தைக்கு வராவிட்டால் என்ன? அது கொண்டு வந்து பாட்டியிடம் கொடுக்குமே!

டென்மார்க்கில் 2020 ஏப்ரல் 15-லேயே பள்ளிக்கூடங்களைத் திறக்கத் தொடங்கினார்கள். பெரியவர்களின் கேளிக்கைக்கு முன்னால், பெரிய வகுப்புகளுக்கும் முன்னால், சின்னக் குழந்தைகளைத்தான் முதலில் வரச் சொன்னார்கள். அதை இங்கே அப்படியே செய்திருக்கலாம் என்று வாதிப்பது சரியில்லை. அங்கே பாட்டிகள் பெரும்பாலும் தனி வீட்டில் இருக்கிறார்கள். இங்கே பாட்டியும் பேத்தியும் ஒரே பாயில் படுக்கிறார்கள். ஒரு வகுப்பில் எத்தனை தலைகள் என்பதும் தெரிந்த சங்கதி. ஆனால் அங்கே ஒரு கேள்வியை முதலில் கேட்டார்கள் என்பது மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. சகிக்கத்தக்க அபாயம் இவ்வளவுதான் என்று ஓர் அளவு இருக்கிறது. அதை யாருக்காக முதலில் செலவழிப்பது என்ற கேள்வி. நான் என் பங்கை ஒரு சினிமாவுக்குச் செலவழித்தேன்.

என் தாயார் ஒரு நாள், "எனக்காகவா இந்தப் பிள்ளைகளை இப்படிக் கட்டிப் போட்டிருக்கீங்க? நான் இருந்து யாருக்கு என்ன ஆகணும், அதுகள் போகட்டும்" என்றாள். நாங்கள் அவள் வாயைப் பொத்தினோம். அது பாசம், அதை நியாயமாக எடுத்துக்கொண்டு ஒரு கிழவியின் உயிரைத் தராசில் போட எந்தப் பிள்ளைக்கும் மனசு வராது, வரவும் கூடாது. ஆனால் ஒன்று கவனித்தேன். அவள் பெயரைச் சொல்லித்தான் நான் 'வேண்டாம்' என்று எழுதினேன். கொட்டகைக்குப் போன அன்று அவள் பெயர் எனக்கு நினைவில் வரவில்லை.

மற்றக் கதவுகளை எல்லாம் யாரோ வெளியே நின்று தட்டினார்கள். மதுக்கடைக்குப் பின்னால் கஜானா இருந்தது. கொட்டகை முதலாளிகள் மனுக் கொடுத்தார்கள். பக்தர்கள் முறையிட்டார்கள். பஸ் வேண்டும் என்று கூலிக்குப் போகிறவர்கள் கேட்டார்கள். அவர்கள் கேட்டது முழு நியாயம். பள்ளிக்கூடக் கதவை மட்டும் அதற்கு உரியவர்கள் தட்டவில்லை. குழந்தை தட்டாது, லீவு என்றால் குதிக்கும். தனக்கு எது பறிபோகிறது என்பது அதற்குத் தெரிய இருபது வருஷம் ஆகும். அதற்காகத் தட்ட வேண்டிய கை என்னுடையது. அந்தக் கையால்தான் நான் கையெழுத்துப் போட்டேன்.

பள்ளிக்கூடம் என்றால் பாடம் மட்டுமா? சத்துணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் முட்டையும் வீட்டுக்குக் கொடுத்தார்கள், நல்ல காரியம். ஆனால் பள்ளிக்கூடத்துத் தட்டில் விழும் சோறு அந்தக் குழந்தையுடையது. வீட்டுப் பானைக்குள் போன அரிசி எல்லோருடையதும் ஆகிவிடுகிறது. 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' என்று தொடங்கித் தன்னார்வலர்கள் தெருத் தெருவாகச் சாயங்காலப் பாடம் எடுத்தார்கள். விட்டுப்போனது எவ்வளவு என்று சர்க்காரே உணர்ந்ததற்கு அது அடையாளம்.

கீரைக்காரப் பையன் இதற்குள் பரீட்சை இல்லாமலே இரண்டு வகுப்புத் தேறி, பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டான், காகிதத்தில். 2021 செப்டம்பர் முதல் தேதி அவன் வகுப்பு திறந்தது. மறுநாள் ஏழு மணிக்குக் கேட்டருகே அவன் குரல் கேட்டது.

"பள்ளிக்கூடம் தொறந்துட்டாங்களே, போகலையா தம்பி?"

"போவணும் ஸார்… வாடிக்கை நாப்பது வீடு ஆயிருச்சு. விட்டா வேற ஆளு புடிச்சுக்குவான்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "கணக்கெல்லாம் மறந்து போச்சு ஸார்" என்றான். மீதிச் சில்லறையைச் சரியாக எண்ணித்தான் கொடுத்தான்.

அவனுடைய தாயார் ஒரு நாள் வந்து கேட்டின் அப்பால் நின்றாள். "நீங்க படிச்சவங்க ஐயா, ஒரு வார்த்தை சொல்லுங்க, கேப்பான்." சொன்னேன். நன்றாகவே சொன்னேன், உதாரணங்கள் எல்லாம் கொடுத்தேன். தலையை ஆட்டிக்கொண்டு கேட்டான். அடுத்த நாள் காலை, ஏழடிக்கச் சற்று முன்னதாகவே எனக்கு விழிப்பு வந்துவிட்டது. படுக்கையிலேயே காது கொடுத்துக் கொண்டிருந்தேன். ஏழும் ஆயிற்று. "கீரேய்…" என்று தெருக்கோடியில் குரல் கேட்டதும் என் நெஞ்சில் ஒரு சின்ன நிம்மதி எழுந்தது. 'இன்றைக்குக் கடைத்தெருவுக்குப் போக வேண்டியதில்லை' என்ற நிம்மதி. ஒரு கணந்தான். இருந்தாலும் அது எழுந்தது.

நவம்பர் முதல் தேதி திங்கட்கிழமை, தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால், அவன் தங்கையைச் சைக்கிளின் முன்கம்பியில் உட்கார வைத்துக்கொண்டு எங்கள் தெரு வழியாகப் போனான். ஒன்றாம் வகுப்பு அறையைக் கண்ணால் பார்க்காமலே இரண்டாம் வகுப்புக்குப் போகிற குழந்தை. புதுச் சீருடை தோளில் நிற்காமல் நழுவிக்கொண்டிருந்தது. முகக்கவசம் மூக்குக்கு மேலே கண்வரை ஏறியிருந்தது. பின்னால் கீரைக்கூடை அப்படியே இருந்தது.

"இதை விட்டுட்டு வந்துடறேன் ஸார்," என்று போகிற போக்கிலேயே கத்தினான். "இன்னிக்குக் கீரை பத்து நிமிஷம் லேட்டு!"