விரட்டப்பட்ட பிள்ளையைத் திரும்பக் கூப்பிடுங்கள்



1841-ம் வருஷம் டிசம்பர் 8-ந் தேதி, அமலோற்பவ மாதா திருநாள். இத்தாலி தேசத்துத் தூரின் நகரில், அர்ச். பிரான்சிஸ்கு அசீசியார் கோவிலில், தொன் போஸ்கோ என்னும் இளங்குரு பூசைக்கு ஆயத்தமாகிக் கொண்டிருந்தார். சக்ரீஸ்துக்குள் ஓர் ஏழைப் பையன் வந்து நின்றான். பூசைக்கு உதவத் தெரியாது என்று அவன் சொன்னதும், கோயில்பிள்ளை கம்பெடுத்து அடித்து விரட்டினார். குருவானவரோ, அவன் தம்முடைய சிநேகிதன் என்று சொல்லி, உடனே திரும்பக் கூப்பிடச் செய்தார். அதற்கு முன் அவர் அவனைப் பார்த்ததேயில்லை. பெயரைக் கேட்டதும் பிறகுதான்: பர்த்தொலொமேயு கரெல்லி, வயது 16, தாயுமில்லை, தகப்பனுமில்லை. வாசிக்கத் தெரியாது, பாடத் தெரியாது என்றவன், சீழ்க்கையடிக்கத் தெரியுமா என்று கேட்டபோது சிரித்தான். தொன் போஸ்கோ அருள் நிறை மந்திரம் சொல்லி, அன்றே அவனுக்கு ஞானோபதேசம் தொடங்கினார்.

இத்தகைய பிள்ளை உங்கள் வகுப்பிலும் இருக்கலாம். குழந்தைக்குத் தாயிடமோ, தாயின் ஸ்தானத்தில் நிற்கும் ஒருவரிடமோ நிலையான, அன்பான உறவு வேண்டுமென்று, 1951-ல் ஜான் பௌல்பி என்னும் ஆங்கில மருத்துவர் உலக சுகாதார ஸ்தாபனத்துக்கு எழுதிக் கொடுத்தார். கவனிப்பாரின்றிக் கிடந்த குழந்தைக்கும், கை மாறிக் கை மாறி வளர்ந்த குழந்தைக்கும், மனிதரை நம்பிப் பற்றிக்கொள்ளும் சக்தியே ஊனப்படக்கூடும். தாயை இழந்தும் பாட்டியின் மடியில் நிலையாக வளரும் பிள்ளையின் நிலை வேறு.

இதன் அடையாளங்களைக் கவனியுங்கள். ஒரு பிள்ளை விழுந்து முழங்கால் கிழிந்தாலும் யாரிடமும் வராது. தேற்றப் போனால் விறைத்து விலகும். இன்னொன்று முன்பின் அறியாதவர் கையையும் பிடித்துக்கொண்டு, தயங்காமல் பின்னே போய்விடும். முன்னதைக் கல்நெஞ்சம் என்கிறோம், பின்னதைக் கலகலப்பு என்கிறோம். இரண்டும் காயமாயிருக்கலாம். இன்ன நோயென்று தீர்மானிப்பது மருத்துவர் வேலை. கண்டதைக் குறித்து வைத்து, தலைமையாசிரியருக்கும் வளர்ப்பவர்களுக்கும் அறிவிப்பது உங்கள் வேலை.

நீங்கள் மெச்சிய நோட்டை அந்தப் பிள்ளை அன்றே கிழித்தெறியலாம். அன்பு காட்டிய நாளுக்கு மறுநாளே மிக மோசமாக நடக்கலாம். இதை நன்றிகெட்டதனம் என்று எண்ணாதீர்கள். இவரும் ஒருநாள் கைவிடத்தானே போகிறார் என்று பயந்து, அந்த நாளை அது தானே முந்திக்கொண்டு வரவழைக்கிறது.

பள்ளிக்கூடத்தில் அடிப்பதை 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் தடுத்துவிட்டது. ஆனால் பிரம்பில்லாமலும் விரட்டலாம். "பெற்றவர்களே உன்னை வேண்டாமென்று போய்விட்டார்கள்" என்ற ஒரு சொல் போதும். அந்தச் சொல் உங்கள் வாயில் வரவே கூடாது.

கண்டிக்க வேண்டாமென்று சொல்லவில்லை. குற்றத்தைக் கண்டியுங்கள், ஆனால் வகுப்புக்கு வெளியே நிறுத்தாமல், உங்கள் மேசையருகே உட்கார வையுங்கள். அன்றைக்குக் கடைசி மணி அடிக்குமுன் ஒரு நல்ல வார்த்தை சொல்லியனுப்புங்கள். கட்டியணைக்க அவசரப்படாதீர்கள், பிள்ளை தானாக நெருங்கட்டும். லீவு எடுப்பதானால், யார் பாடம் நடத்துவார், நீங்கள் என்றைக்குத் திரும்புவீர்கள் என்று முந்தின நாளே சொல்லி, சொன்ன நாளில் திரும்பி வாருங்கள். கூடாததை வாக்களியாதீர்கள். வருஷ முடிவில், அடுத்த வகுப்பு ஆசிரியரிடம் நீங்களே அழைத்துப்போய் ஒப்படையுங்கள். ஒரு வருஷத்தில் பலன் காணாமல் போகலாம். அதற்காகச் சோர்ந்து போகாதீர்கள்.

தாய் தன் பிள்ளையை மறந்தாலும் தாம் மறப்பதில்லையென்று சர்வேசுரன் இசையாஸ் தீர்க்கதரிசி வாயிலாக அறிவித்திருக்கிறார். இதை ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்விப்பது எளிது. யாராலும் தேடப்படாத பிள்ளை இதை எப்படி நம்பும்? நேற்று உங்களைத் தூஷித்த அதே பிள்ளையை இன்று காலை நீங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது, அது கொஞ்சம் நம்பத் தொடங்கும்.

மூன்று முறை தம்மை மறுதலித்த இராயப்பரை நம் ஆண்டவர் தள்ளிவிடவில்லை. கடற்கரையில் நெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தம் பண்ணி, சாப்பிடக் கூப்பிட்டார். அதன் பிறகே அவருடைய சிநேகத்தைப் பற்றி மூன்று முறை கேட்டு, தம் ஆடுகளை அவரிடம் ஒப்படைத்தார்.

இந்த வாரம் உங்கள் வகுப்பில் அடிக்கடி வெளியே நிறுத்தப்படும் பிள்ளை யாரென்று பாருங்கள். அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி, தினமும் வகுப்புக்குள் நுழையுமுன் ஓர் அருள் நிறை மந்திரம் வேண்டிக்கொள்ளுங்கள். பிறகு உள்ளே போய், அதைக் கூப்பிடுங்கள். ஆமென்.