ஸ்பீக்கர் ஓதினால் ஓதல் ஆகுமா?

விலை மலிவான புளூடூத் ஸ்பீக்கர் பாட்டுக் கேட்கத்தான் வாங்கப்படுகிறது. ஆனாலும் பல வீடுகளில் அது விடியற்காலையில் சுப்ரபாதம், கந்த சஷ்டி கவசம், குர்ஆன் கிராஅத், ஜெபமாலை என்று பூசையறை வேலையையும் பார்க்கிறது. வீட்டில் ஒருவரும் வாய் திறக்காமல் மந்திரம் மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தால், அங்கே ஓதுதல் நடந்ததாகக் கொள்ளலாமா என்பது வேடிக்கைக் கேள்வி அல்ல. கருவி புதிது என்றாலும், கேள்வி மின்சாரத்துக்கு முன்பே பல சமயங்களில் எழுந்துவிட்டது.

முதலில், பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். பதிவான குரல் கைபேசியில் எண்களாக இருக்கிறது. அதை அனுப்புமுன், காது கவனிக்காது என்று கணிக்கப்படும் பகுதிகளைக் கைபேசி கழித்துவிடுகிறது. மிச்சம் வானொலி அலையாகச் சென்று, ஸ்பீக்கரில் மீண்டும் மின்னோட்டமாகி, நான்கைந்து செ.மீ. அகலமுள்ள கூம்பை அசைக்கிறது. ஆண்குரலின் அடிச்சுருதி பெரும்பாலும் 150 ஹெர்ட்சுக்குக் கீழே இருக்கும். அவ்வளவு சிறிய கூம்பால் அதைச் சரியாக எழுப்ப முடியாது. ஆனாலும் கேட்பவருக்குக் குரல் முழுதாகவே கேட்கிறது. மேலே உள்ள அதிர்வுகளை வைத்து, இல்லாத அடிச்சுருதியை மூளை தானே நிரப்பிக்கொள்வதுதான் காரணம். ஆகவே பெட்டியிலிருந்து வருவது ஓதியவரின் குரல் அல்ல. குரலின் கணக்கைக் கொண்டு புதிதாக எழுப்பப்பட்ட ஒலி அது. அதிலும் ஒரு பங்கு கேட்பவருடைய சொந்த வேலை.

இந்த வேறுபாட்டை யூத மரபு மிகக் கண்டிப்பாகப் பிடித்துக்கொண்டது. கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டநூலான மிஷ்னாவில், புத்தாண்டு நாளில் கேட்பது கடமையான ஆட்டுக்கடாக் கொம்பொலியைப் பற்றி ஒரு விதி உண்டு. ஒருவர் குழிக்குள்ளோ பெரிய சாடிக்குள்ளோ ஊதினால், கொம்பொலியைக் கேட்டவருக்குக் கடமை நிறைவேறும். எதிரொலியைக் கேட்டவருக்கு நிறைவேறாது. இருபதாம் நூற்றாண்டில் ஒலிபெருக்கி வந்தபோது, எருசலேமின் ரபி ஷ்லோமோ ஸல்மான் அவுவர்பாக் மின்பொறியியலை விசாரித்து அறிந்து தீர்ப்புச் சொன்னார்: அதிரும் தகட்டின் ஒலி மனிதக் குரல் ஆகாது, அதனால் கடமை தீராது. நியூயார்க்கின் ரபி மோஷே ஃபைன்ஸ்டைன், பேசுபவரின் குரலால்தானே அந்த ஒலி பிறக்கிறது என்று சற்று இளக்கம் காட்டினார். ஆனால் இருவரும் வாதிட்டது நேரில் பேசும் ஆளின் குரலைப் பற்றி. பதிவு செய்த ஒலிக்கு அந்த இளக்கமும் எட்டாது.

இஸ்லாத்தில் குர்ஆனின் சில வசனங்களை ஓதினாலும் கேட்டாலும் தரையில் நெற்றி பதித்து ஸஜ்தா செய்ய வேண்டும். ஹனஃபி சட்டப் பள்ளியின் அறிஞர்கள் எதிரொலியைக் கேட்டால் அது கடமையில்லை என்றார்கள். பழக்கிய பறவை அந்த வசனத்தைச் சொன்னால் என்ன என்றும் விவாதித்து, அதற்கும் கடமையில்லை என்பதையே வலுவான கருத்தாகக் கொண்டார்கள். ஓதுவது என்றால் ஓதுகிறோம் என்ற பகுத்தறிவு வேண்டும் என்பது அவர்கள் அளவுகோல். பிற்காலத்தில் கிராமபோனும் ஒலிப்பதிவும் வந்தபோது, பலர் அவற்றை இந்தப் பறவையின் வரிசையிலேயே வைத்தார்கள்.

பறவை இந்தியத் தருக்க நூல்களிலும் வருகிறது. பதினேழாம் நூற்றாண்டில் விசுவநாத பஞ்சானனர் எழுதிய நியாய சித்தாந்த முக்தாவளி, சொல்பவரின் கருத்தை அறிந்தால்தான் வாக்கியப் பொருள் விளங்கும் என்கிறது. அப்படியானால் கிளி சொன்ன வாக்கியம் எப்படி விளங்குகிறது? கிளிக்குக் கருத்து ஏது? வாக்கியம் மெய்யானால் அங்கே ஈசுவரனின் கருத்தைக் கொள்ள வேண்டும், பொய்யானால் பழக்கியவனின் கருத்தை என்பது அவர் விடை. பொய் மட்டும் மனிதன் கணக்கில் எழுதப்படுவது கவனிக்கத்தக்கது.

வேத விளக்க மரபினரான மீமாம்சகர்கள் வேறு வழியில் போனார்கள். ஜைமினியின் சூத்திரங்கள்படி சொல் நித்தியமானது. தொண்டையின் காற்று அதைப் படைப்பதில்லை, வெளிப்படுத்துகிறது. வேதத்துக்கோ ஆசிரியனே இல்லை. இதை அப்படியே நீட்டினால், தொண்டை செய்வதைக் கூம்பு ஏன் செய்யக்கூடாது என்று கேட்கலாம். மற்ற எந்தத் தத்துவத்தைவிடவும் ஸ்பீக்கருக்கு இடம் தரக்கூடியது இதுதான். ஆனால் நடைமுறையில் வைதிக மரபு வழிவிடவில்லை. குரு ஒருமுறை சொல்ல மாணவர் இருமுறை சொல்லும் சந்தை முறையில், வாயிலிருந்து வாய்க்குத்தான் வேதம் போகிறது. உச்சரிப்பு நூலான பாணினீய சிட்சை இழிந்த ஓதுவோர் என்று அறுவரை ஒதுக்குகிறது. ராகமாக இழுப்பவர், அவசரப்படுபவர், தலையாட்டுபவர், ஏட்டைப் பார்த்து ஓதுபவர், பொருள் அறியாதவர், குரல் மெலிந்தவர் ஆகியோர் அவர்கள். மலிவு ஸ்பீக்கர் கடைசி இரண்டு குற்றங்களிலிருந்தும் தப்பாது. மனுஸ்மிருதியோ உதட்டுக்குள் முணுமுணுக்கும் ஜபத்தை உரத்த ஜபத்துக்கும், மனத்துக்குள் செய்வதை அதற்கும் மேலே வைக்கிறது. வால்யூமைக் கூட்டுவதால் இந்தப் படிவரிசையில் மேலே ஏற முடியாது.

கத்தோலிக்க மரபு நேரடி ஒலிபரப்பையும் பதிவையும் பிரித்தது. போப் ரோமுக்கும் உலகுக்கும் வழங்கும் ஊர்பி எத் ஓர்பி ஆசியோடு வரும் பாவத்தண்டனை நீக்கப் பலனை வானொலி, தொலைக்காட்சி வழியாகவும் பெறலாம் என்று திருச்சபையின் விதி சொல்கிறது. ஆனால் ஆசி வழங்கப்படும் அதே நேரத்தில் பக்தியோடு பின்பற்ற வேண்டும். சீன பௌத்தரிடம் நிலைமை மாறுகிறது. அமிதாப புத்தரின் பெயரை ஓயாமல் சொல்லும் சின்னப் பெட்டியை அவர்கள் இறக்கும் தறுவாயில் உள்ளவரின் தலைமாட்டில் வைக்கிறார்கள். அங்கே பெட்டி அவருக்காக ஓதுவதில்லை. அவர் நினைவு நழுவாமல் பிடித்துக்கொள்கிறது.

இந்தச் சீன வழக்கம்தான் பெட்டியின் உண்மையான இடத்தைக் காட்டுகிறது. பாகவதம் ஒன்பது வகைப் பக்தியைச் சொல்லும்போது கேட்பதை முதலிலும் பாடுவதை இரண்டாவதாகவும் வைக்கிறது. ஸ்பீக்கர் முதலாவதற்கு உதவும். இரண்டாவதை யாருக்காகவும் செய்து முடிக்காது. இப்படிக் கொண்டால் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதும் மாறும். கடைக்காரர் பெருமையாகச் சொல்லும் ‘பாஸ்’ இங்கே பயனற்றது. எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரிந்து கேட்கின்றனவா என்பதே முக்கியம். குறைந்த ஒலியிலும் சொல் தெளிவாக இருக்க வேண்டும். மெமரி கார்டிலிருந்து கைபேசி இல்லாமல் ஓடக்கூடியது நல்லது. இல்லாவிட்டால் கவசத்தின் நடுவே அழைப்பு மணி அடிக்கும். இயக்கியதும் ஆங்கிலத்தில் அலறி வரவேற்கும் பெட்டிகளும் உண்டு. பூசையறைக்கு அவை தகா.

மிஞ்சுவது அக்கம்பக்கம். கையளவு பெட்டியும் முழு ஒலியில் ஒரு மீட்டர் தூரத்தில் 80 டெசிபெலை எளிதில் தொடும். இந்தியாவின் 2000 ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 என்று வரம்பு வைத்துள்ளன. அதே ஆண்டு ஆகஸ்டில், சென்னைத் தேவாலயம் ஒன்றைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம், பிறர் அமைதியைக் கெடுத்து வழிபடும்படி எந்தச் சமயமும் விதிக்கவில்லை என்று தீர்ப்பளித்தது. சமயநூல்களும் கேளாமல் கேட்பவரை மறக்கவில்லை. வழிபாட்டுக் கூடத்தின் பின்னால் போகிறவர் காதில் கொம்பொலி விழுந்தால், அவர் மனம் அதில் செல்லாதவரை அது கணக்கில் சேராது என்கிறது மிஷ்னா. ஹனஃபி நூல்கள்படி நேரடி ஓதலைத் தற்செயலாகக் கேட்டவருக்கும் ஸஜ்தா கடமையாகும். அதனால், கேட்பவர்கள் அதற்கு ஆயத்தமாக இல்லாத இடத்தில் அந்த வசனத்தை மட்டும் குரல் தாழ்த்தி ஓதுவது விரும்பத்தக்கது என்று அவை ஓதுபவருக்குச் சொல்லிவைக்கின்றன.