முட்டை நின்ற பிறகு

1918-இல் அமெரிக்க வேளாண்மைத் துறை ஒரு சுவரொட்டி அச்சிட்டது. வீட்டில் ஆளுக்கு இரண்டு பெட்டைக்கோழி வளர்த்தால் குடும்பத்துக்கு வேண்டிய முட்டை கிடைத்துவிடும் என்றது அது. போர்க்காலத்தில் கோழி வளர்ப்பது நாட்டுக் கடமையாக இருந்தது. அதே ஆண்டில்தான் அங்கே ஒரு நாள் குஞ்சுகளை அஞ்சலில் அனுப்பும் வழக்கமும் தொடங்கிற்று. பொரிவதற்கு முன் மஞ்சள் கரு குஞ்சின் வயிற்றுக்குள் ஒடுங்கிவிடுவதால், அது இரண்டு மூன்று நாள் தீனியில்லாமல் தாங்கும்.

பின்னர் நகரங்கள் பெருத்தன. பல ஊர்களில் கோழி குடியிருப்புக்கு ஆகாததாயிற்று. இந்த நூற்றாண்டில் காற்று மறுபடி திரும்பியிருக்கிறது. சியாட்டில் நகரம் 2010-இல் மூன்று கோழி என்றிருந்த வரம்பை எட்டாக உயர்த்தியது. கூடவே, புதிதாகச் சேவல் வளர்க்கத் தடை விதித்தது. மற்ற ஊர்களின் விதிகளும் பெரும்பாலும் இதே வார்ப்புதான்: இத்தனை கோழி, பக்கத்து வீட்டிலிருந்து இத்தனை அடி தள்ளிக் கூடு, சேவல் கூடாது. சில ஊர்களில் கொல்லையில் கோழி அறுக்கவும் கூடாது.

தனித்தனியே பார்த்தால் எதிலும் குற்றம் சொல்ல முடியவில்லை. விடியுமுன் கூவும் சேவலுக்காக இரவுப் பணி முடித்து வந்தவர் தூக்கத்தை இழக்க வேண்டியதில்லை. சுத்தமும் சின்ன விஷயமல்ல. 2020-இல் மட்டும் அமெரிக்காவில் வீட்டுக் கோழிகளால் பரவிய சால்மோனெல்லா தொற்று 1,722 பேரிடம் கண்டறியப்பட்டது.

என் மனத்தை உறுத்துவது வேறு. பொரிகிற குஞ்சுகளில் பாதி சேவல். முட்டைக்கான இனங்களில் அந்தப் பாதி, குஞ்சு பொரிப்பகத்தில் முதல் நாளே பிரிக்கப்பட்டுப் பெரும்பாலும் அன்றே கொல்லப்படுகிறது. பெட்டை மட்டும் அட்டைப்பெட்டியில் வீடு வந்து சேர்கிறது. தேர்ந்த கையும் எப்போதாவது தவறும். பிள்ளைகள் பெயர் வைத்துக் கூப்பிட்ட குஞ்சு சில மாதத்தில் ஒரு விடியலில் கூவிவிடும். விதிப்படி அதற்கு அந்த வீட்டில் இடமில்லை. எங்கே போகும் என்று விதி சொல்வதுமில்லை. விலங்குக் காப்பகங்களுக்கு வந்து சேரும் சேவல்களில் பல இப்படி வந்தவை.

பெட்டையின் கதையும் முட்டையோடு முடிவதில்லை. முதல் இரண்டு ஆண்டு நன்றாக இடும். பிறகு ஆண்டுக்காண்டு குறையும். ஆனால் பேணி வளர்த்தால் ஏழெட்டு வருடம் உயிரோடிருக்கும். எட்டு என்ற வரம்பில் கிழப் பெட்டையும் ஒன்றுதான், இளம் பெட்டையும் ஒன்றுதான். புது முட்டை வேண்டுமென்றால் பழையதில் ஒன்று போயாக வேண்டும். கொல்லையில் அறுக்கவும் தடையுள்ள ஊரில் வளர்த்தவர் என்ன செய்வார்? ஊருக்கு வெளியே ஒரு பண்ணைக்குக் கொடுத்துவிட்டோம் என்று பிள்ளைகளிடம் சொல்வார்.

சட்டத்தால் இவ்வளவு தூரம் வர முடியாது என்பதை நான் ஏற்கவில்லை. ஆண் குஞ்சுகளைக் கொல்வதை 2022 முதல் ஜெர்மனி தடைசெய்திருக்கிறது; முட்டைக்குள்ளேயே ஆணா பெண்ணா என்று அறியும் முறை அங்கே நடைமுறைக்கு வந்துவிட்டது. நகர மன்றத்தால் ஆகக்கூடியது இதைவிட எளிது. முட்டை நின்ற பெட்டைகளை எண்ணிக்கையில் சேர்க்காமல் விடலாம். கூவிவிட்ட சேவலுக்கு வேறு இடம் பார்க்கச் சில வார அவகாசம் தரலாம். அனுமதி கேட்டு வருகிறவரிடம், கூட்டின் அளவைக் கேட்கும்போதே, முட்டை நின்ற பிறகு இந்தக் கோழியை என்ன செய்வீர்கள் என்றும் கேட்கலாம்.