சேர்ப்பவன் கடன்

சேர்த்து வைப்பது மனித இயல்பு. பஞ்சத்தை எண்ணியவன் தானியத்தைச் சேர்த்தான்; மறதியை எண்ணியவன் ஏடுகளைச் சேர்த்தான். இவர்களை உலகம் குறை கூறுவதில்லை. ஆனால், பசியையும் தீர்க்காத, அறிவையும் நேராக வளர்க்காத ஒன்றை ஒருவன் ஆண்டுக்கணக்கில் தேடித் தேடிச் சேர்க்கும்போது அவனை நாம் எவ்வாறு மதிப்பிடுவது? அவனுடைய வேட்கை வெறும் ஆசைதானா? அன்றி, அதற்குள் ஓர் அறமும் உண்டா? வினா சிறியதாகத் தோன்றலாம். சற்றே ஆய்ந்தால், உடைமை என்பதன் பொருளையே அது தொடுவதைக் காணலாம்.

திருப்பரங்குன்றத்தில் இப்படி ஒருவர் வாழ்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மின்னணு நடன இசைத் தொகுப்புகளைச் சேர்ப்பதே அவருடைய வேட்கை. நரம்பும் தோலும் காற்றுமின்றி, மின்னோட்டத்தையே ஒலியாக மாற்றும் கருவிகளால் அமைவது இவ்விசை. மாறாத தாளக்கட்டு மீண்டும் மீண்டும் வர, ஆடுவோர் கால்களுக்கென்றே இயற்றப்படுவது. பலர் இயற்றியவற்றுள் சிலவற்றைத் தேர்ந்து ஒரே தட்டில் கோத்தால் அது தொகுப்பு. தனித்தட்டாக வந்து சில வாரங்களில் மறைந்துபோகும் உருப்படிக்குத் தொகுப்பே இரண்டாம் வாழ்வு.

மதுரை வட்டாரத்துக்கு இது முற்றிலும் புதியதன்று. 1980களில் நம் ஊர்களிலிருந்த பாட்டுப்பதிவுக் கடைகளை நினைவுகூர்வோர் இன்றும் பலர். அறுபது நிமிடமோ தொண்ணூறு நிமிடமோ ஓடும் வெற்றுக் கேசட்டையும், விருப்பப் பாடல்களின் பட்டியலையும் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வருவர். சில நாளில் தொகுப்பு ஆயத்தமாகிவிடும். இளையராஜா இசையமைத்து 1986ஆம் ஆண்டு வெளிவந்த 'விக்ரம்', 'புன்னகை மன்னன்' ஆகிய படங்களில் மின்னணு ஒலி முன்வரிசைக்கு வந்தபோது, அப்பட்டியல்களில் அதற்கும் இடம் கிடைத்தது. கேசட்டின் அட்டையில் படத்தின் பெயர் இருக்கும். பாட்டின் முதலடி இருக்கும். அக்கருவிகளை இயக்கியவர் யார் என்பது மட்டும் பெரும்பாலும் இராது. இந்தக் குறையை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

"ஆட்டத்துக்கு இயற்றிய இசை ஆட்டம் முடிந்ததும் முடிந்துவிடுகிறது, அதைக் காப்பானேன்?" என்று கேட்போர் உண்டு. நேர்மையான வினாவே. ஆயினும், ஒன்றின் மதிப்பை அது பிறந்த நாளிலேயே அளந்துவிட முடியும் என்னும் நம்பிக்கை அதனுள் மறைந்திருக்கிறது. அந்த நம்பிக்கை பொய்த்த வரலாறு நம் நாட்டிலேயே உண்டு.

இந்தித் திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங் என்னும் கலைஞர், ஜப்பானிய நிறுவனமான ரோலண்டின் கருவிகள் மூன்றைக்கொண்டு, பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்தார். 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்னும் அந்த இசைத்தட்டு 1982இல் ஹெச்.எம்.வி. வெளியீடாக வந்தது. கேட்பாரின்றிப் போயிற்று. அவர் கையாண்ட டிபி-303 என்னும் கருவியும் விலைபோகவில்லை. 1984இல் அதன் உற்பத்தியே நின்றது. மலிவு விலைக்கு வந்த அதே கருவியைச் சிகாகோ நகர இளைஞர்கள் எடுத்தாண்டனர். 1987இல் ஃபியூச்சர் என்னும் குழுவினர் வெளியிட்ட 'ஆசிட் டிராக்ஸ்', 'ஆசிட் ஹவுஸ்' எனப்படும் நடன இசை வகைக்கே வித்தாயிற்று. அதற்கு ஐந்தாண்டு முன்பே அவ்வொலியை ஒத்த ஒன்று மும்பையில் பிறந்திருந்ததை உலகம் அறியவில்லை.

அறியச் செய்தவர் ஒரு சேகரிப்பாளர். நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த எடோ பௌமன் 2002இல் தில்லியில் அந்தத் தட்டைக் கண்டெடுத்தார். கண்டெடுத்ததோடு நிற்கவில்லை. அதை இயற்றியவரை மும்பையில் தேடிச்சென்று சந்தித்தார். 2010இல் தம் வெளியீடாக அதனை மீண்டும் கொணர்ந்தார். முதுமையில் சரண்ஜித் சிங் ஐரோப்பிய மேடைகளில் அவ்விசையை வாசித்தார். 2015 ஜூலையில் மறைந்தார். தாம் செய்தது வீண்போகவில்லை என்று அறிந்த பின்னரே அவர் மறைந்தார். எவரோ ஒருவர் பழைய தட்டுகளைப் புரட்டியதால் விளைந்த நன்மை அது.

ஆனால், சேகரிப்பின் மற்றொரு முகத்தையும் பார்த்தாகவேண்டும். அரிய பொருளின் விலை, அது பிறரிடம் இல்லாமையால் ஏறுகிறது. தன்னிடம் இருக்கும் மகிழ்ச்சி எது, பிறரிடம் இல்லாத மகிழ்ச்சி எது என்று பிரித்தறிவது சேகரிப்பவனுக்கே கடினம். ரூபா பிஸ்வாஸ் என்னும் வங்கப் பாடகி 1982இல் வெளியிட்ட 'டிஸ்கோ ஜாஸ்' என்னும் தட்டு பல்லாண்டு மறக்கப்பட்டுக் கிடந்தது. பின்னர்ச் சேகரிப்பாளரிடையே அது பெருவிலைக்குக் கைமாறிற்று. பாடியவரோ அந்தச் செய்தியை அறியாமலே இல்லறம் நடத்திவந்தார். 2019இல்தான் அமெரிக்க நிறுவனமொன்று அதனை முறையாக மறுவெளியீடு செய்தது. அதற்குமுன் அத்தட்டைப் போற்றிய எத்தனையோ பேர் குரலை நேசித்தார்கள். குரலுக்கு உரியவரைத் தேடவில்லை.

எனவே நம் திருப்பரங்குன்றத்து அன்பருக்கு ஓர் உரைகல்லைத் தரலாம். தாம் அரிதில் தேடிப்பெற்ற தட்டு நாளை மறுவெளியீடாகி எல்லார்க்கும் எளிதில் கிடைக்கிறது என்று கேள்விப்படும் வேளையில் அவர் உள்ளம் மலர்கிறதா, வாடுகிறதா? மலருமாயின் அவர் இசையை நேசிப்பவர். வாடுமாயின் அவர் நேசித்தது இசையையன்று, பூட்டிய அலமாரியை. இரண்டும் கலந்திருக்குமாயின், அவரும் நம்மைப் போன்ற மனிதரே. எதை வளர்ப்பது என்பது அவர் கையில் இருக்கிறது.

இனி, அலமாரியில் இருப்பதும் அழியாமல் இருப்பதன்று. ஒலிநாடாவில் இரும்பு ஆக்சைடுத் துகளைப் பிடித்துவைத்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சி இளகும்; நாடாவில் பூஞ்சை படரும். மதுரைக் கோடையில் வெயில்பட்ட இசைத்தட்டு நெளியும். ஆகவே, பகிராமல் காக்கிறேன் என்பவன் உண்மையில் காப்பதும் இல்லை. அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகத்தில், அமெரிக்க இசைவாணர் டேவிட் டியூடர் 1969இல் நிறுவிய மின்னணு இசைக்கூடத்தில் பதிவான நாடாக்கள் பல்லாண்டு அக்கழகத்தின் காப்பகத்திலேயே உறங்கின. இங்கிலாந்துக் கலைஞர் பால் பர்கஸ் அவற்றைத் தேடியெடுத்தார்; 2023இல் அவை ஒரு தொகுப்பாக வெளிவந்தன. கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகிய ஐவரின் ஆக்கங்கள் அதில் உள்ளன. சர்மாவின் படைப்புகளுள் 'நடன இசை' என்றே பெயர் பெற்றதும் உண்டு. ஒவ்வோர் உருப்படியும் அதனதன் ஆசிரியர் பெயரோடு நிற்பதே அத்தொகுப்பின் சிறப்பு.

பெயரோடு நிற்பது ஏன் முதன்மையானது? இதற்கு விடை தேடி நம் அன்பர் தொலைவு செல்லவேண்டியதில்லை. அவர் வீட்டு வாயிலிலிருந்து தெரியும் மலையின் சரிவிலே இயற்கைக் குகையொன்று உண்டு. அங்குள்ள கற்படுக்கையில் ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய தமிழ்ப் பிராமி எழுத்துகள் வெட்டப்பட்டுள்ளன. ஐராவதம் மகாதேவன் படித்தறிந்தவாறு, எருகாட்டூரைச் சேர்ந்த பொலாலையன் என்னும் ஈழக் குடும்பிகனின் கொடையை அது கூறுகிறது. அவ்வளவில் முடிக்காமல், அதைச் செய்த ஆய்ச்சயன், நெடுசாதன் என்போரையும் கூறுகிறது. கொடுத்தவன் பெயரோடு கொத்தியவர் பெயரும் வேண்டும் என்று எவரோ எண்ணியிருக்கிறார். படுத்துறங்கிய துறவியருக்கு அப்பெயர்களால் ஒரு பயனும் இல்லை. ஆயினும், செய்தவர்க்கு உரியது செய்தவர்க்குச் சேரவேண்டும் என்னும் நேர்மை அன்றே இந்த மண்ணில் இருந்தது.

தொகுப்பவன் மறக்கக்கூடாத நேர்மை இதுவே. தட்டு அவனுடையது; விலை கொடுத்து வாங்கினான். அதனுள் உள்ள இசை அவனிடம் அமானிதம். அமானிதத்தை வைத்திருப்பவன் பழுதின்றிக் காக்கவேண்டும். உரியவர் இன்னாரென்று அறிந்திருக்கவேண்டும். உரியவரைப் புறக்கணித்துத் தானே படியெடுத்து விற்பதும் கூடாது. பிறர் செவிக்கு எட்டாமல் புதைப்பதும் கூடாது. எடுத்துக் கேட்பிக்கும்போதெல்லாம் இயற்றியவர் பெயரைச் சொல்வதற்குப் பொருட்செலவு ஏதுமில்லை. பெயர் தெரியாத உருப்படியின் உரியவரைத் தேடுவது, அடுத்த அரிய தட்டைத் தேடுவதினும் மேலான தேடல்.

அப்படி வாழ்வாராயின், அண்டை வீட்டார் அவருடைய 'டம் டம்' ஓசையைக் கேட்டு நகைக்கட்டும். எத்தனை தட்டுகள் வைத்திருக்கிறார் என்று அவரைக் கேட்கவேண்டியதில்லை. எத்தனை பேரை அவர் பெயர் சொல்லி நினைவுகூர்கிறார் என்று கேட்டால் போதும்.