தூவி விரியும்வரை

தெற்கு இங்கிலாந்தில் ரயில் பாதை ஓரங்களிலும், சாலைக்காக வெட்டிய மண்கரைகளிலும், இடித்த கட்டடங்களின் செங்கல் பொடியிலும் ஜூலை மாதத்தில் ஆளுயரத்துக்கு ஒரு செடி நிற்கும். யாரும் விதைத்ததில்லை. முள் லெட்யூஸ், தாவரவியல் பெயர் லாக்டூகா செரியோலா. சாலட் தட்டில் வரும் லெட்யூஸுக்கு மிக நெருங்கிய காட்டுச் சொந்தம்.

நடுப்பகலில் இதன் முன்னால் சற்று நேரம் நின்றால் ஒன்று தெரியவரும். இலைகள் படுத்திருக்கவில்லை. ஒவ்வோர் இலையும் அடியில் ஒரு முறை திருகிக்கொண்டு, ஒரு விளிம்பு வானத்தையும் மறு விளிம்பு தரையையும் பார்க்கச் செங்குத்தாக நிற்கிறது. இலையின் முகங்கள் கிழக்கையும் மேற்கையும் நோக்கியிருக்கின்றன. நுனிகள் வடக்கிலும் தெற்கிலும் நீள்கின்றன. காலை வெயிலையும் மாலை வெயிலையும் நிறைய வாங்கிக்கொண்டு, உச்சி வெயிலுக்கு விளிம்பை மட்டும் கொடுக்கும் ஏற்பாடு. 1881இல் எர்ன்ஸ்ட் ஸ்டால் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் இத்தகைய திசைகாட்டிச் செடிகளைப் பற்றி எழுதினார்.

மர நிழலில் முளைத்த அதே செடி இலையைத் திருப்புவதில்லை. வெயில் இருந்தால்தான் அதற்கு அந்தத் தேவை. ஆகவே, இலை நிற்கும் விதத்தை வைத்து மட்டும் பெயர் சொல்லிவிட முடியாது. செடியோடு சேர்த்து அது நிற்கும் இடத்தையும் படிக்க வேண்டியிருக்கிறது.

*

ஏப்ரலில் இந்தச் செடி தரையோடு ஒட்டிய ஓர் இலைவட்டம். அதைப் பார்த்துப் பெயர் சொல்வது கடினம். பிய்த்தால் வெள்ளைப் பால் வருகிறது. சோன்கஸ் என்ற களைச்செடிகளிலும் பால் வருகிறது, டாண்டிலியனிலும் வருகிறது. இலையைத் திருப்பி அடிப்பக்கத்து நடு நரம்பில் விரலை ஓட்டினால் லாக்டூகா செரியோலாவில் ஒற்றை வரிசையாக முட்கள் தட்டுப்படும். சோன்கஸில் முள் இலை விளிம்பில் இருக்கும், நடு நரம்பு வழுவழுப்பாக இருக்கும். கண்ணைவிட விரல் முந்திக்கொள்ளும் அடையாளம் இது.

இலையின் வெட்டுகளை நம்பாமலிருப்பது நல்லது என்பது என் எண்ணம். செரியோலாவிலேயே ஆழமாக வெட்டுப்பட்ட இலைகள் உள்ள செடியும் உண்டு, வெட்டே இல்லாத நீள்வட்ட இலைகள் உள்ள செடியும் உண்டு. இரண்டும் ஒரே கரையில் பக்கத்துப் பக்கத்தில் வளரும். படத்தைப் பார்த்து ஒப்பிடுகிறவர் முதலில் தடுமாறுவது இங்கேதான்.

*

செரியோலாவின் இன்னொரு காட்டுச் சொந்தமான லாக்டூகா விரோசா இன்னும் உயரமானது. 2 மீட்டர்வரைகூடப் போகும். தண்டிலும் நடு நரம்பிலும் பெரும்பாலும் கருஞ்சிவப்பு ஏறியிருக்கும். இலைகள் அவ்வளவாகத் திரும்பி நிற்பதில்லை. இலையின் அடியில் தண்டைத் தழுவும் இரண்டு காதுகள் இருக்கும். விரோசாவில் அவை தண்டோடு படிந்து கிடக்கும், செரியோலாவில் விலகி நிற்கும். விரோசாவின் பாலைக் காயவைத்து லாக்டூகேரியம் என்ற பெயரில் மருந்தாக விற்ற காலம் ஒன்று இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் மோசல் ஆற்றங்கரையில் உள்ள ட்செல் ஊரில் இதற்காகவே செடியை வளர்த்தார்கள்.

*

கடைசித் தீர்ப்பு விதையில் இருக்கிறது. நாம் விதை என்று சொல்வது, உண்மையில் ஒரே ஒரு விதையைத் தனக்குள் வைத்திருக்கும் உலர்கனி. தட்டையான உடல், அதன் மேல் மெல்லிய வெண்ணிற அலகு, அலகின் நுனியில் வெள்ளைத் தூவி. சோன்கஸுக்கு அலகு கிடையாது. தூவி உடலின் தலையிலேயே உட்கார்ந்திருக்கும். அலகு இருக்கிறதா என்று பார்ப்பதிலேயே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் போதும். செரியோலாவின் கனி ஆலிவ் சாயலுள்ள சாம்பல் நிறம், 3 முதல் 4 மில்லிமீட்டர் நீளம், உச்சியில் குட்டிக் குட்டி ரோமங்கள். விரோசாவின் கனி கருஞ்சிவப்பிலிருந்து கறுப்புவரை; 4 மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும்; உச்சியில் ரோமம் இல்லை. ஏப்ரல் மாதத்து இலைவட்டத்திடம் கேட்ட கேள்விக்கு ஆகஸ்டில் பதில் கிடைக்கிறது. அந்த நான்கு மாதங்களைக் கழிக்கும் பொறுமை இந்த வேலையின் ஒரு பகுதி என்றே நினைக்கிறேன். இடையில் யாராவது புல்வெட்டும் இயந்திரத்தை ஓட்டிவிட்டால் கேள்வி அடுத்த ஆண்டுக்குப் போகிறது.

*

தோட்டத்து லெட்யூஸ், லாக்டூகா சடைவா, விதை முற்றும் இடத்தில்தான் தனித்துப்போகிறது. அதை நாம் செடியாக முழுதாகப் பார்ப்பது அபூர்வம். ஐஸ்பர்க் உருண்டையோ, நீள இலைக் காஸ் வகையோ, வெண்ணெய்போல மிருதுவான உருண்டையோ, எல்லாமே பூப்பதற்கு முன்பே அறுக்கப்படுகின்றன. முற்றினால் கசப்பு கூடிவிடும் என்பதால் யாரும் விட்டுவைப்பதில்லை. ஒரு செடியை விட்டுவைத்தால் அது தண்டு விட்டு, கிளைத்து, காட்டுச் செடியைப் போலவே வெளிர் மஞ்சள் பூக்களைப் பூக்கும். பூவில் வித்தியாசம் தேட வேண்டியதில்லை. முள் பெரும்பாலும் இராது, இலைகள் திரும்பி நிற்பதும் இல்லை.

காய்ந்த தலையைப் பார்க்க வேண்டும். செரியோலாவில் கனிகள் முற்றியதும், பூத்தலையைச் சுற்றியுள்ள செதில்கள் வெளிப்பக்கமாக மடங்கிவிடுகின்றன. தூவி விரிகிறது, காற்று எடுத்துக்கொண்டு போகிறது. சடைவாவில் செதில்கள் நிமிர்ந்தே நிற்கின்றன. தூவி இருந்தும் கனிகள் உள்ளேயே தங்குகின்றன. எள் பயிரிடுகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்: காய் வெடிப்பதற்கு முன் அறுத்துக் கட்டாவிட்டால் விளைச்சல் மண்ணுக்குப் போய்விடும். லெட்யூஸில் யாரோ ஒரு விவசாயி, உதிராமல் நின்ற தலையிலிருந்து விதை எடுத்து மறுபடி விதைத்தார். அவருக்குப் பின் வந்தவர்களும் அதையே செய்தார்கள். வேகமாக உதிரும் செடியின் விதை கைக்கே வந்து சேராது, நின்றதுதான் சேரும். திட்டம் போடாமலேயே நடந்த தேர்வு இது.

2021இல் 445 லாக்டூகா மாதிரிகளின் முழு மரபணுத் தொகுதியையும் படித்த ஓர் ஆய்வு, இந்த உதிராத் தன்மை முதலில் காக்கேசஸ் மலைப் பகுதியின் அருகே, ஏறத்தாழ 6000 ஆண்டுகளுக்கு முன் தோன்றியது என்று சொன்னது. தொடக்கத்தில் விதையின் எண்ணெய்க்காகவே இதை வளர்த்தார்கள் என்ற கருத்தும் உண்டு. எகிப்தில் கர்னாக்கில் முதலாம் செனுஸ்ரெட் மன்னனின் வெள்ளைச் சிற்றாலயச் சுவரில், மின் என்ற தெய்வத்தோடு நெட்டையான லெட்யூஸ் செடிகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. அது ஏறத்தாழ 3900 ஆண்டு பழையது. அவை உருண்டை கட்டாத, ஓங்கி நிற்கும் செடிகள்.

*

தாவரவியலாளர் லின்னேயஸ் 1753ஆம் ஆண்டு நூலில் சடைவா, விரோசா, சலிக்னா என்ற இன்னொரு காட்டு லெட்யூஸ் ஆகிய மூன்றுக்கும் பெயரிட்டார். செரியோலா 1756இல் சேர்ந்தது. தனித்தனிப் பெயர்கள்தாம். ஆனால் செரியோலாவும் சடைவாவும் தடையில்லாமல் கலக்கும், அவற்றின் பிள்ளைகளும் விதை கொடுக்கும். இரண்டையும் ஒரே இனமாக எண்ணுவோர் இருக்கிறார்கள். அதில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. விரோசாவோடு கலப்பது கடினம், பிள்ளைகள் பெரும்பாலும் மலடு. அப்படியும் அமெரிக்க வேளாண் விஞ்ஞானிகள் அந்தக் கலப்பிலிருந்து வான்கார்ட் என்ற ஐஸ்பர்க் வகையை உருவாக்கினார்கள். லெட்யூஸ் வயல்களை அழிக்கும் அடிச்சாம்பல் நோய்க்கு எதிரான மரபணுக்கள் செரியோலாவிலிருந்தும் சலிக்னாவிலிருந்தும் வந்திருக்கின்றன. ரயில் கரையில் களையென்று பிடுங்கப்படும் செடியிடம் வயல் கடன்பட்டிருக்கிறது.

*

பூக்கள் காலைக்கு உரியவை. 1751இல் லின்னேயஸ் எழுதிய மலர்க் கடிகாரத்தில் தோட்ட லெட்யூஸ் காலை 7 மணிக்கு விரிந்து 10 மணிக்கு மூடுவதாகக் குறித்திருக்கிறார். ஒரு தலையில் உள்ள சிறுபூக்கள் எல்லாமே ஒரே காலையில் விரிந்து மூடிக்கொள்கின்றன. ஒவ்வொன்றும் நாக்கு வடிவம், நுனியில் ஐந்து பற்கள். மகரந்தப் பைகள் ஒட்டி உண்டான குழாயின் உள்ளே சூல்தண்டு மேலேறி வரும்போது தன் மகரந்தத்தையே பூசிக்கொள்கிறது. வண்டுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தோட்டக்காரர் வகை கெடாமல் விதை எடுக்க முடிவது இதனால்தான்.

*

சலிக்னாதான் என் மனத்துக்கு நெருக்கமானது. இங்கிலாந்தில் அது எஸ்ஸெக்ஸில் ஃபாபிங் அருகே பழைய கடல் கரைமேட்டிலும், சஸ்ஸெக்ஸில் ரை துறைமுகத்துக் கூழாங்கல் வெளியிலும் இருக்கிறது. மேல் இலைகள் ஊசிபோல ஒடுங்கி, அடியில் அம்பு முனையாகப் பிரிந்து, நடு நரம்பு வெள்ளையாகத் தெரிய, தண்டோடு ஒட்டி நிமிரும். பூத்தலைகள் காம்பு இல்லாததுபோலத் தண்டை ஒட்டியே வரிசையாக அமரும். நண்பகலுக்குப் பிறகு போனால் ஒரு பூவும் விரிந்திருக்காது. பக்கத்துப் புல்லிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. 1981ஆம் ஆண்டு வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் அது இருக்கிறது. பறிப்பது குற்றம். ஆகவே கூழாங்கல்லில் முழங்கையை ஊன்றிப் படுத்து, செடி நிற்கும் இடத்துக்கே லென்ஸைக் கொண்டுபோக வேண்டும். ஆகஸ்ட் கடைசியில் தூவி விரிந்த ஒரு தலை கிடைத்தால் அலகின் நீளத்தை உடலின் நீளத்தோடு ஒப்பிடலாம். செரியோலாவில் இரண்டும் ஏறத்தாழச் சமம். சலிக்னாவில் அலகு உடலைப்போல் இரண்டு மடங்கு.