நாள் எண்ணிய வீடு

பெரியம்மாவுக்கு நாள் கணக்குத் தவறாது. வீட்டில் எந்தப் பெண் என்றைக்கு விலக்கானாள், என்றைக்குத் தலைக்கு ஊற்றிக்கொண்டாள் என்பதெல்லாம் மனப்பாடம். அடுக்களைக்குத் தீட்டுப் படக் கூடாதல்லவா? ஆனால் ஒருத்திக்கு ஏன் இரண்டு மாதமாக வரவில்லை, வந்தால் ஏன் பத்து நாள் நிற்காமல் போகிறது என்று மட்டும் அவள் கேட்டதில்லை. அது கேட்கக் கூடாத பேச்சாம்!

நாணம் நல்ல குணம்தான். நோயை ஒளித்து வைப்பதற்கும் அதே பெயரா?

டாக்டர்களின் கணக்கு எளிது. ஒரு விலக்கின் முதல் நாளிலிருந்து அடுத்ததன் முதல் நாள்வரை 21 முதல் 35 நாள் ஆவது இயல்பு. புதிதாகப் பெரியவளான பெண்ணுக்கு 45 நாள்கூட ஆகலாம். மனக்கவலை, தைராய்டு, சினைப்பைக் கோளாறு, திடீரென்று உடம்பு இளைப்பது என்று எதுவும் கணக்கைக் கலைக்கும். ஒரு மாதம் தள்ளிப்போனதற்கு அலற வேண்டியதில்லை. கர்ப்பமில்லாமல் 3 மாதம் வராவிட்டால், 7 நாளுக்கு மேல் நீடித்தால், இடையிடையே பட்டால் டாக்டரிடம் காட்ட வேண்டும். மணிக்கொரு துணி நனைந்தால் அன்றைக்கே.

நின்று ஒரு வருஷம் ஆனபின் ஒரு துளி பட்டாலும் காட்டியாக வேண்டும். பெரும்பாலும் பெரிதாக ஒன்றும் இராது. சில சமயம் கருப்பைப் புற்றாக இருக்கும். ஆரம்பத்திலேயே தெரிந்தால் பெரும்பாலும் குணமாகிவிடும்.

பெரியம்மாவுக்கு நின்று மூன்று வருஷம் கழித்துப் பட்டது. எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனபோது கை மீறிவிட்டது. அந்த எட்டு மாதமும் விடியுமுன் கிணற்றடியில் துணி துவைக்கும் சத்தம் என் அறைக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. "என்ன பெரியம்மா, இந்நேரத்தில்?" என்று நானும் ஒரு நாள்கூடக் கேட்கவில்லை.